அந்தப் பாட்டியின் கழுத்தை அவன் ஏன் நெரித்தான்?

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் 14ஐ ஒட்டி எங்கள் விடுதியில் ஒரு வாரம் படங்கள் திரையிட்டோம். ஆவணப்படங்களுக்குப் பதினைந்து பேர் வந்தாலே பெரிது. ‘பிளாக் பேந்தர்’ போட்ட இரவில் மட்டும் மெஸ்ஸில் உட்கார இடமில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்று பார்த்தார்கள். வகாண்டாவின் விமானம் மாயத்திரையைக் கிழித்துக்கொண்டு அந்த நகரத்தின் மேல் இறங்கும்போது எழுந்த விசில் இப்போதும் காதில் இருக்கிறது. யாருக்கும் தலைகுனியாத ஒரு கறுப்பின நாடு திரையை நிறைத்து நிற்பதைப் பார்ப்பது எங்களில் பலருக்கு ஒரு கொண்டாட்டம். எனக்கும்தான்.

படம் முடிந்ததும் வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்து பேசினோம். எம்.ஏ. முதலாண்டு படிக்கும் ஒரு பெண், அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள், கையைத் தூக்கினாள். “அக்கா, கில்மாங்கர் சொன்னது சரிதானே? அப்புறம் எதுக்கு அந்தப் பாட்டி கழுத்தைப் பிடிச்சு நெரிச்சான்?”

கூட்டத்தில் மூத்தவள் நான். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் வேறு. பதில் சொல்லியாக வேண்டும். “அவன் வில்லன் இல்லையாம்மா, கதைக்கு அது வேணும்ல” என்று சமாளித்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் அந்தப் பதில் அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. கதைக்கு ஏன் அது வேண்டும்? இந்தக் கட்டுரை அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

பெரும் பட்ஜெட் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறைகள் நமக்குத் தெரியும். கிராஃபிக்ஸ் அதிகம், எல்லாம் ஒரே மாதிரி, கடைசி அரைமணி நேரம் வானத்திலிருந்து ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். 2019இல் மார்ட்டின் ஸ்கார்செஸி இவை சினிமாவே இல்லை, பொழுதுபோக்குப் பூங்காக்கள் என்றார். எனக்குப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் மீது கோபம் கிடையாது. டிக்கெட் வாங்கிப் போய் ஊஞ்சலாடிவிட்டு வருவது நல்ல விஷயம்தான். என் புகார் வேறு. இந்தப் படங்கள் ஒரு நியாயமான கேள்வியைத் தாங்களாகவே எழுப்புகின்றன. பிறகு அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் கதையில் ஏமாற்றுகின்றன. அந்த ஏமாற்று எங்கே நடக்கிறது என்று நாம் பார்க்கப் பழக வேண்டும்.

அரசவையில் பாதியில் நின்ற பேச்சு

2018இல் வந்த ‘பிளாக் பேந்தர்’ கதை இதுதான். ஆப்பிரிக்காவில் வகாண்டா என்றொரு கற்பனை நாடு. வைப்ரேனியம் என்ற உலோகத்தால் உலகிலேயே முன்னேறிய தொழில்நுட்பம் அதனிடம் இருக்கிறது. ஆனால் ஏழை நாடு போல வேடமிட்டுத் தன்னை மறைத்துக்கொண்டிருக்கிறது. அடிமைக் கப்பல்கள் கிளம்பியபோதும், கண்டத்தைக் காலனி நாடுகள் கூறுபோட்டபோதும் அது கதவைத் திறக்கவில்லை. 1992இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் இருக்கும் அரசரின் தம்பி, அங்குள்ள கறுப்பின மக்களின் நிலையைப் பார்த்து, வகாண்டாவின் ஆயுதங்களை அவர்கள் கையில் கொடுக்க நினைக்கிறார். அண்ணனான அரசர் அவரைக் கொன்றுவிடுகிறார். தம்பியின் மகனை அந்தக் குடியிருப்பிலேயே அநாதையாக விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார். அந்தச் சிறுவன்தான் எரிக் கில்மாங்கர்.

வளர்ந்து ஆளாகி, கைவிலங்கோடு வகாண்டாவின் அரசவையில் வந்து நிற்கிறான் கில்மாங்கர். உலகமெங்கும் நம்மைப் போன்றவர்கள் நசுக்கப்படும்போது உங்களிடம் இவ்வளவு இருந்தும் ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்பது அவன் கேள்வி. அவர்கள் எங்கள் மக்கள் இல்லை என்கிறான் அரியணையில் இருக்கும் டிசாலா. மனித இனமே இந்தக் கண்டத்தில்தானே தோன்றியது, அப்படியானால் எல்லோரும் உங்கள் மக்கள்தானே என்று திருப்பிக் கேட்கிறான் கில்மாங்கர்.

இந்தப் படத்தின் உச்சம் இந்த இடம்தான். இதற்கு டிசாலாவிடம் பதில் இல்லை. இனக்குழுக்களின் தலைவர்கள் கூடியிருக்கும் அவை அது. பேசியிருக்கலாம். ஒரு தலைவர் கில்மாங்கர் பக்கம் சாயலாம், இன்னொருவர் மறுக்கலாம், டிசாலா தன் தந்தை செய்த கொலையை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள நேரலாம். ஆனால் பேச்சு சில நிமிடங்களில் நின்றுபோகிறது. கில்மாங்கர் தன் பிறப்பைச் சொல்கிறான், அரியணைக்குச் சவால் விடுகிறான், எல்லோரும் அருவிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். உலகின் மிக முன்னேறிய நாடு, ஒரு அரசியல் கேள்வியை அரச ரத்தம் உள்ள இருவரின் கத்திச் சண்டையில் தீர்த்துக்கொள்கிறது.

அதன் பிறகு கில்மாங்கர் செய்வதை எல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். அரசனாக முடிசூடிய கையோடு இதய மூலிகைத் தோட்டத்தை எரிக்கச் சொல்கிறான். தயங்கும் வயதான பெண்ணைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான். சூரியன் மறையாத சாம்ராஜ்யம் பற்றிப் பேசுகிறான். இங்கே வருவதற்கு முன்பே தன்னுடன் இருந்த காதலியைக் கண் சிமிட்டாமல் சுட்டிருக்கிறான். இவற்றில் எதுவும் அவன் அவையில் கேட்ட கேள்வியிலிருந்து பிறக்கவில்லை. அந்தக் கேள்வி சரி என்று நினைத்த பார்வையாளரை அவனிடமிருந்து பிரித்தெடுக்கவே இவை எழுதப்பட்டிருக்கின்றன. வாதத்துக்குப் பதில் இல்லை, ஆகவே வாதிடுபவனைக் கொடியவனாக்கு. பாட்டியின் கழுத்தை நெரித்தது திரைக்கதை.

ஒரு நண்பர் இதற்கு மறுப்புச் சொன்னார். “நாக்கியா இருக்காளே? படத்தோட ஆரம்பத்திலேயே அவளும் வெளியில இருக்கிற மக்களுக்கு உதவணும்னுதானே சொல்றா? கடைசியில அவ சொன்னதுதானே நடக்குது?” நியாயமான மறுப்பு. கடைசியில் டிசாலா ஓக்லாந்தில் கட்டிடங்களை வாங்கி உதவி மையம் தொடங்குகிறான். ஐக்கிய நாடுகள் சபையில் பேசுகிறான். ஆனால் கில்மாங்கர் கேட்டது உரிமை. கிடைத்தது உதவி. உரிமைக்கும் உதவிக்கும் உள்ள தூரம் இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கித் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதை உதவியில் கொடுப்பவர் முடிவு செய்கிறார். வகாண்டாவின் ஆயுதங்களை ஏற்றிச் செல்லும் கலங்களைச் சுட்டு வீழ்த்தும் வேலையைப் படம் யாரிடம் ஒப்படைக்கிறது என்பதையும் கவனியுங்கள். சிஐஏ அதிகாரி ஒருவரிடம். நாமும் அவருக்காகக் கைதட்டுகிறோம்.

ஒரே அச்சு

ஒரு படத்தில் நடந்தால் அதை இயக்குநரின் தடுமாற்றம் என்று விட்டுவிடலாம். இது ஒரு அச்சு.

2012இல் வந்த ‘தி டார்க் நைட் ரைசஸ்’ படத்தில், ஹார்வி டென்ட்டின் பெயரால் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தில் ஆயிரம் பேர் பரோல் இல்லாமல் சிறையில் கிடக்கிறார்கள். அந்தச் சட்டமே ஒரு பொய்யின் மேல் கட்டப்பட்டது. அந்தப் பொய்யைப் பகிரங்கமாக உடைப்பவன் வில்லன் பேன். நகரத்தை மக்களிடமே திருப்பித் தருகிறேன் என்கிறான். இது எவ்வளவு கனமான கதைக்கரு! ஆனால் பேனிடம் ஒரு அணுகுண்டு இருக்கிறது. அவன் பேசிய புரட்சி வெறும் வேடம், நகரத்தைச் சாம்பலாக்குவதே ஆரம்பத்திலிருந்து திட்டம். குண்டு வந்த பிறகு சிறையில் கிடந்தவர்களைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. படம் முடியும்போது நமக்கும் அவர்கள் மறந்துபோயிருப்பார்கள்.

‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ (2017) தொடங்குவது டூம்ஸ் என்ற ஒப்பந்தக்காரரிடமிருந்து. சூப்பர் ஹீரோக்கள் இடித்துப் போட்ட நகரத்தின் இடிபாடுகளை அள்ளும் வேலை அவருடையது. ஒப்பந்தத்தை நம்பிக் கையில் இருந்ததையெல்லாம் போட்டு வண்டி வாங்கியிருக்கிறார், ஆட்களைச் சேர்த்திருக்கிறார். ஒரே நாளில் அந்த வேலை பறிபோகிறது. எடுத்துக்கொண்டது அரசும் டோனி ஸ்டார்க்கும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. உடைத்தவரே அள்ளுவதற்கும் காசு பார்க்கிறார். டூம்ஸ் பின்னால் அதைச் சொல்லிக் காட்டும்போது பீட்டர் பார்க்கரால் மறுக்க முடியவில்லை. ஆனால் டூம்ஸ் அதற்குள் ஆயுதம் விற்பவராகவும் தன் கூட்டாளியையே கொன்றவராகவும் ஆகிவிட்டார். அவர் சிறைக்குப் போகிறார், பீட்டருக்கு ஸ்டார்க்கிடமிருந்து பழைய உடுப்பு திரும்ப வருகிறது.

2021இல் வந்த ‘தி ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்’ தொடரில் கார்லி மார்கன்தாவ் என்ற இளம்பெண் இடம்பெயர்ந்த மக்களுக்காக நிற்கிறாள். அவளை வெறுக்க முடியாது என்று தெரிந்ததும், மூன்றாவது அத்தியாயத்தில் ஆட்கள் உள்ளே இருக்கும் கட்டிடத்தை அவளே குண்டு வைத்துத் தகர்க்கிறாள். முடிவில் அவள் சுட்டுக் கொல்லப்படுகிறாள். அவள் உடலைச் சுமந்து வரும் நாயகன், அவள் சொன்னதையே கொஞ்சம் மரியாதையான மொழியில் அதிகாரிகளிடம் சொல்கிறான். அவள் வாயில் பயங்கரவாதமாக இருந்தது அவன் வாயில் ஞானமாகிவிடுகிறது.

நான்கு கதைகளிலும் அடியில் ஓடுவது ஒரே வாக்கியம்: கோரிக்கை நியாயம்தான், ஆனால் வழி தவறு. எங்கேயாவது கேட்ட மாதிரி இருக்கிறதா?

மாறக் கூடாத உலகம்

எழுதுகிறவர்கள் எல்லோரும் அதிகாரத்தின் கைக்கூலிகள் என்று நான் சொல்லவில்லை. ‘பிளாக் பேந்தர்’ இயக்குநர் ரயன் கூக்ளர் ஓக்லாந்தில் பிறந்தவர். அந்தக் கோபம் அவருக்குத் தெரியாதது இல்லை. தெரிந்ததால்தான் கில்மாங்கர் இவ்வளவு உயிரோடு இருக்கிறான். சிக்கல் இந்தக் கதைகள் தயாராகும் முறையில் இருக்கிறது.

‘பிளாக் பேந்தர்’ சுமார் 20 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ (2019) ஏறத்தாழ 280 கோடி டாலர். இவ்வளவு பணம் புரளும் இடத்தில் எந்தப் படமும் தனிப் படம் கிடையாது. அடுத்த படம், அதற்கடுத்த படம், ஒரு தொடர் என்று சங்கிலி போகிறது. அந்தச் சங்கிலியில் எல்லாப் படங்களும் நாம் இப்போது வாழும் உலகம் போன்ற ஒன்றில்தான் தொடங்கியாக வேண்டும். ஆகவே ஒரு படத்தின் முடிவில் உலகம் பெரிதாக மாறியிருக்கக் கூடாது.

இதன் விளைவைப் பாருங்கள். டோனி ஸ்டார்க் உள்ளங்கை அளவு கருவியில் அளவற்ற மின்சாரம் எடுக்கிறார். 2012இல் வந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் அவருடைய கோபுரமே அதில்தான் ஒளிர்கிறது. உலகில் ஒரு வீட்டின் மின்கட்டணமாவது குறைந்ததா? வகாண்டாவில் முதுகெலும்பில் குண்டு பாய்ந்த சிஐஏ அதிகாரி ஒரே இரவில் எழுந்து நடக்கிறார். அடுத்தடுத்த படங்களில் எந்த ஊர் மருத்துவமனையிலாவது அந்தச் சிகிச்சையைப் பார்த்தோமா? இத்தனை ஆற்றலும் எதையும் மாற்றாமல் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஹீரோவுக்கு என்ன வேலை மிச்சம்? இருப்பதைக் காவல் காப்பது மட்டும்தான். மாற்றம் வேண்டும் என்று கேட்கும் வேலை வில்லனுக்குப் போய்விடுகிறது. கதையில் ஏதாவது வேண்டும் என்று விரும்பும் ஒரே ஆள் அவன்தான். அதனால்தான் இந்தப் படங்களில் வில்லன்கள் உயிரோடும் ஹீரோக்கள் வெளிறிப்போயும் இருக்கிறார்கள்.

சாவுக்கு எடை இல்லாமல் போவதும் இதே காரணத்தால்தான். ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தின் முடிவில் உலகின் பாதி உயிர்கள் சாம்பலாகின்றன. டிசாலாவும் சாம்பலாகிறான். அவன் படம் கோடிகளை அள்ளி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் திரும்பி வருவான் என்று தியேட்டரில் பாப்கார்ன் விற்கிறவருக்கும் தெரியும். மரணத்தைப் பார்த்து அழுவதற்குப் பதிலாக, எந்தப் படத்தில் திரும்புவார்கள் என்று கணக்குப் போடுகிறோம். எல்லா மரணமும் பொய்யாக இல்லை. ‘எண்ட்கேம்’ முடிவில் டோனி ஸ்டார்க் இறந்தபோது பலர் அழுதார்கள். இந்த ஒரு முறை கதை தன் வார்த்தையைக் காப்பாற்றும் என்று அவர்கள் நம்பினார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. அரசியல் கேள்வி முற்றும்போது அதைக் குடும்பச் சண்டையாக மாற்றிவிடுவது. ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ (2016) படத்தின் முற்பகுதியில் ஒரு தாய் வருகிறார். சொகோவியா என்ற நாட்டில் அவெஞ்சர்ஸ் நடத்திய சண்டையில் செத்துப்போன தன் மகனின் படத்தை டோனி ஸ்டார்க்கின் கையில் கொடுக்கிறார் அவர். 117 நாடுகள் சேர்ந்து, இந்த ஹீரோக்களை யாராவது கட்டுப்படுத்த வேண்டும் என்கின்றன. ஆற்றல் உள்ளவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? மிக நல்ல கேள்வி. படத்தின் கடைசிச் சண்டையோ, ஸ்டார்க்கின் அப்பா அம்மாவை 1991இல் கொன்றது யார் என்பதைப் பற்றியது. இரண்டு நண்பர்கள் மனக்கசப்போடு பிரிவது நமக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தத் தாயை நாம் மறுபடி பார்ப்பதே இல்லை.

வசனம் இல்லாத மக்கள்

இந்தப் படங்களில் மக்கள் என்ன செய்கிறார்கள்? ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், கடைசியில் கைதட்டுகிறார்கள். எப்போதும் இப்படி இருந்ததில்லை.

சாம் ரைமியின் ‘ஸ்பைடர்மேன் 2’ (2004) படத்தையும் பெரும் பட்ஜெட்டில்தான் எடுத்தார்கள். அதில் பீட்டர் வாடகை கட்ட முடியாமல் வீட்டு உரிமையாளரிடம் ஒளிந்து திரிகிறான், பீட்சா கொண்டுபோகும் வேலையைப் பறிகொடுக்கிறான். ஓடும் ரயிலைத் தன் உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தலைக்கு மேல் ஏந்தி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். என் மகனைவிடப் பெரியவனாகத் தெரியவில்லையே என்கிறார் ஒருவர். உன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறான் ஒரு சிறுவன். வில்லன் மறுபடி வரும்போது ஒவ்வொருவராக எழுந்து அவனுக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர்களால் வில்லனைத் தடுக்க முடியவில்லை, அது வேறு விஷயம். அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் கூட்டமாக இல்லாமல் மனிதர்களாக இருந்தார்கள். இருபது வருடம் கழித்தும் அந்தக் காட்சியை நாம் பேசுவது அதனால்தான்.

இன்னும் பின்னால் போனால் 1938. கிளீவ்லாந்தில் யூதப் புலம்பெயர் குடும்பங்களைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய சூப்பர்மேன், முதல் இதழிலேயே மனைவியை அடிக்கும் ஒருவனை நையப் புடைக்கிறான், ஊழல் செனட்டர் ஒருவரை வேவு பார்க்கிறான். மூன்றாவது இதழில், பாதுகாப்பு வசதி செய்யாத சுரங்க முதலாளியை அவருடைய சுரங்கத்துக்குள்ளேயே சிக்கவைத்து, தொழிலாளியின் பயம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறான். வேற்றுக் கிரகத்து ஆயுதங்கள் வேண்டியிருக்கவில்லை. கண்ணெதிரே இருந்த அநீதியே போதுமான வில்லனாக இருந்தது. அந்த இளைஞர்கள் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள் என்பதும், அதன் பிறகு அந்தப் பாத்திரம் யாருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது என்பதும் தனிக் கதை.

திரையில் நகரங்களை இடித்துத் தள்ளும் வேலையைக் கணினி முன்னால் உட்கார்ந்து செய்பவர்களின் கதையும் அப்படித்தான். 2023 செப்டம்பரில் மார்வெல் நிறுவனத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் பணியாளர்கள் சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். கூடிப் பேசி, வாக்களித்து, தங்கள் நிலையைத் தாங்களே மாற்றிக்கொள்ள முடிவெடுத்த மனிதர்கள். அவர்கள் வேலை செய்யும் படங்களில் அப்படி ஒரு காட்சியைப் பார்ப்பது அரிது.

ஒரு பூந்தொட்டி

“படம்தானே தோழர், ரெண்டரை மணி நேரம் ஜாலியா பார்த்துட்டுப் போக வேண்டியதுதானே?” என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் முன்பு படித்த ஒரு நிறுவனத்தில், எங்கள் ஆய்வு உதவித்தொகை பல மாதங்களாக வரவில்லை. வீட்டிலிருந்து பணம் வாங்கிச் சமாளிக்க முடிந்தவர்கள் சமாளித்தார்கள். வீட்டுக்கே தங்கள் உதவித்தொகையிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், அதாவது எங்களில் பெரும்பாலோர், நிர்வாகக் கட்டிடத்தின் முன் உட்கார்ந்தோம். பதினோராம் நாள் பாதுகாவலர்களோடு நடந்த தள்ளுமுள்ளில் வராந்தாவில் இருந்த ஒரு பூந்தொட்டி உடைந்தது. யார் கால் பட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எல்லாம் பூந்தொட்டியைப் பற்றியே. விசாரணைக் குழு அமைத்தார்கள். ஆறு பேருக்கு நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸில் ‘உதவித்தொகை’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. ‘பொதுச் சொத்து’ என்பது நான்கு இடங்களில் இருந்தது. எங்கள் மேல் உண்மையிலேயே அக்கறை கொண்ட ஒரு பேராசிரியர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்க கோரிக்கை நியாயம்தான்மா. ஆனா நீங்க போன வழி சரியில்ல.” இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது, மாணவர் நலனில் நிர்வாகம் காட்டும் பரிவு பற்றிய ஒரு சுற்றறிக்கையோடு. ஓக்லாந்தில் திறந்த உதவி மையம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

அந்தப் பேராசிரியர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த கதை அப்படி. நியாயம் கேட்பவர் ஏதாவது ஒரு கட்டத்தில் எல்லை மீறுவார், அந்தக் கணத்திலிருந்து அவர் கேட்ட நியாயத்தைப் பேசத் தேவையில்லை. இந்தக் கதையை நாம் சிறுவயதிலிருந்து நூறு முறை பார்த்து ரசித்திருக்கிறோம். பூந்தொட்டி எங்கே என்று தேடும் பழக்கம் நமக்கும் வந்திருக்கிறது. ஊர்வலச் செய்தி வந்தால் உடைந்த கண்ணாடியின் படத்தைத் தேடும் நம் கண்ணைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நாயகர்களைப் பற்றி அம்பேத்கர் எச்சரித்திருக்கிறார். 1943 ஜனவரியில் புனேயில் ரானடேயைப் பற்றி ஆற்றிய உரையில், ஒருவரை மாமனிதர் என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறார். அறிவும் நேர்மையும் இருந்தால் மட்டும் போதாது, சமூக நோக்கம் ஒன்று அவரை உந்த வேண்டும், சமூகத்தின் அழுக்கைத் துடைக்கிறவராக அவர் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் போய் முடியும் என்றார். அந்த அளவுகோலில் நிறுத்தினால் நம் சூப்பர் ஹீரோக்கள் எத்தனை பேர் தேறுவார்கள்? ஆற்றல் இருக்கிறது, நல்ல மனமும் இருக்கிறது. உந்தித் தள்ளும் சமூக நோக்கம்தான் வில்லனிடம் போய்விட்டதே.

திரும்பவும் அந்த அவைக்கு

படங்களைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நானே அடுத்த படத்துக்கு முதல் வாரம் டிக்கெட் எடுப்பேன். பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். வில்லன் கேட்ட கேள்விக்கு ஹீரோ எந்தக் காட்சியில் பதில் சொன்னார்? வில்லன் எந்த நிமிடத்தில் தேவையில்லாமல் ஒருவரைக் கொன்றான்? படம் முடிந்தபோது, கேள்வியால் பாதிக்கப்பட்டவர்களின் வாழ்க்கையில் என்ன மாறியது?

நல்ல கதை வில்லனை நல்லவனாக்க வேண்டியதில்லை. நியாயமான கோபம் உள்ளவர்களும் தவறு செய்வார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும். அந்தத் தவறு அவர்கள் கேள்வியை ரத்து செய்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அன்று கேள்வி கேட்ட பெண் சில வாரம் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் அறைக்கு வந்தாள். அந்த அரசவைக் காட்சியைத் தானே எழுதிப் பார்த்திருந்தாள். ஆறு பக்கம். அவளுடைய கதையில் யாரும் அருவிக்குப் போகவில்லை. நதி இனக்குழுவின் தலைவர் எழுந்து, ஓக்லாந்தில் விடப்பட்ட சிறுவனை ஏன் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்கிறார். டிசாலா நீண்ட நேரம் பேசாமல் இருக்கிறான். பிறகு தன் தந்தை செய்ததைச் சொல்கிறான். மூலிகைத் தோட்டத்துப் பாட்டியும் அவையில் இருக்கிறார். அவருக்கு இரண்டு வசனம் கொடுத்திருந்தாள்.

“முடிவு எழுதலக்கா. அவங்க இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க” என்றாள்.

எழுதி முடி என்று நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பேசவிடு என்றேன்.